சரக்கு உள்ளே, புகை வெளியே

தஞ்சாவூர்ப் பக்கம் பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்க நெருப்புக் கயிறு தொங்கிய காலம் உண்டு. பாருக்குள் தீப்பெட்டி கொடுத்தாலே இன்று குற்றம். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த பொது இடப் புகைத்தடை விதிகள் சாம்பல் கிண்ணத்தையும் மேசையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டன.

புகைத்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் பார்க்காததுபோல் இருந்தால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதமும் கடைக்காரர் தலையில்.

30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகம் புகைக்கத் தனி அறை கட்டலாம். நாலு பக்கமும் முழுச் சுவர், தானே மூடும் கதவு, புகையை வெளியேற்றும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். 2017இல் இன்னொரு பூட்டு: அந்த அறைக்குள் எதையும் பரிமாறக் கூடாது. குடிக்க ஓரிடம், புகைக்க ஓரிடம் என்று எழுந்து நடப்பவர் அடுத்த ரவுண்டு கேட்பாரா? முதலாளியின் கவலை அதுதான்.

நட்சத்திர ஓட்டலுக்கு அந்த அறை கட்டுப்படியாகும். டாஸ்மாக்கை ஒட்டிய பார் வேறு கதை. டெண்டரில் எடுத்தவருக்குச் சுண்டல், ஆம்லெட்தான் வருமானம். தனி அறைக்கு எங்கே போவார்? அதற்காக, மேசை துடைக்கும் பையன் ராத்திரி முழுக்க அடுத்தவர் புகையை இழுக்க வேண்டுமா என்ன?

முழுத் தடை முடியாத காரியமும் அல்ல: அயர்லாந்து 2004 மார்ச்சிலேயே பப்களில் புகையை நிறுத்தியது.

அடுத்த முறை புகை மூச்சை அடைத்தால் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். யாரிடம் புகார் செய்வது என்று அதில் எழுதியிருக்க வேண்டும்; இல்லையென்றால் கேளுங்கள்.