இருவகை இசைவு

மகாவலி வளைந்தோடும் பேராதனைப் பூங்காவுக்கும் வைத்தியசாலைத் தாதியின் கையுறைக்கும் உள்ள தொடர்பு யாது? 1876ஆம் ஆண்டிற் கியூ பூங்காவிலிருந்து இலங்கை வந்த பிரேசில் நாட்டு இறப்பர் நாற்றுக்கள், பேராதனைப் பூங்காவினரின் பொறுப்பில் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அம்மரத்தின் பாலே இன்று கையுறையாகவும் வடிகுழாயாகவும் நோயாளியின் உடலைத் தீண்டுகின்றது. தீண்டுவது தீங்கற்றதா என்பதை அறிவதெங்ஙனம்?

இறப்பர் ஒரு பல்பகுதியம். அஃதாவது, சிறு மூலக்கூறுகள் பல கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி. ஒன்றில் இல்லாத பண்பை மற்றொன்றைக் கலந்து பெற அறிஞர் முயல்வர். ஆயின் நெடுஞ்சங்கிலிகள் எளிதிற் கலப்பன அல்ல. கலப்பை வெப்பநிலை கொண்டு அறியலாம். இறப்பர் ஏறத்தாழ −70 பாகை சதமத்திற்குக் கீழே கண்ணாடிபோல் விறைக்கும்; பொலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகைக்குக் கீழேயே விறைக்கும். இவற்றின் கலவை அவ்விரு நிலைகளையும் தனித்தனியே காட்டுதலின், கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றினும் உள்ளே இரண்டாகவே நிற்கின்றது. இடைப்பட்ட ஒரே நிலையைக் காட்டும் கலவையே நன்கு கலந்தது எனக் கொள்க.

இது பொருளோடு பொருளுக்குள்ள இசைவு. உயிரோடு இசைதல் வேறு. நன்கு கலந்த கலவையிலிருந்தும், வல்கனைசுப்படுத்துதற்குச் சேர்த்த இரசாயனங்களின் எச்சம் கசிந்து கலங்களைக் கொல்லக்கூடும். ஆதலின் பொருளின் துண்டை 37 பாகையில் ஊட்டக் கரைசலில் ஊறவைத்து, அச்சாற்றைச் சுண்டெலியின் நார்க்கலங்கள்மீது இடுவர். பின்னர் ஒரு மஞ்சட் சாயம் சேர்க்கப்படும். உயிருள்ள கலங்கள் அதனை ஊதாவாக மாற்றும். நிறத்தின் செறிவே பிழைத்தவற்றின் அளவைக் காட்டும். சாறு படாத கலங்களோடு ஒப்பிடுகையில் பிழைத்தவை 70 வீதத்திற் குறையுமாயின், அப்பொருள் கலநச்சுடையது என்பது சர்வதேச நியமம்.

இதுவும் முடிந்த முடிபன்று. இறப்பர்ப் பாலிலுள்ள புரதங்கள் கலங்களைக் கொல்லாமலே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை விளைக்கும். 1991இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருத்துவர்களை இதுபற்றி எச்சரித்தது. நாள்தோறும் கையுறை அணியும் தாதியரும் இவ்வின்னலுக்கு ஆளாவர். எனவே புரதத்தைக் கழுவிக் குறைத்தலும், ஒவ்வாமையைத் தனியே சோதித்தலும் இன்றியமையாதனவாயின.

ஒரு சோதனை ஒரு வினாவுக்கே விடை தரும். கலந்ததா, கொல்லுமா, ஒவ்வுமா எனும் மூன்றையும் வேறுவேறாக வினவுதல் வேண்டும். இறப்பர் விளையும் நாட்டில் இரசாயனம் பயிலும் மாணவர் இதனை மறத்தலாகாது. நம் மரத்தின் பால் சென்று தீண்டுவது நாம் காணாத ஒருவரின் உடலையன்றோ!