சக்கரமும் சாலையும்

நுழையும்முன்

பள்ளிக்கு மிதிவண்டியில் வரும் மாணவர்க்குச் சாலை என்பது தொலைவு மட்டும் அன்று. உழைப்பின் அளவையும் பயணத்தின் பாதுகாப்பையும் முடிவு செய்வது அதுவே. ஒரே தொலைவு ஒரு சாலையில் எளிதாகவும் மற்றொரு சாலையில் கடினமாகவும் இருப்பது ஏன் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றங்கரையும் மிதிவண்டியும்

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் முதலியன அதன் நீரை வயல்களுக்குக் கொண்டு செல்கின்றன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருவைகுண்டம் எனச் சிறு நகரங்களும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களும் இவ்வாற்றை ஒட்டி அமைந்துள்ளன. நிலம் பெரிதும் சமமானது. ஊர்களும் அருகருகே உள்ளவை. ஆகவே, மிதிவண்டிக்கு இது மிகவும் ஏற்ற பகுதியாகும்.

மேல்நிலை முதலாண்டு மாணவர்க்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. ஊரில் மேல்நிலைப்பள்ளி இல்லாத மாணவர், குறிப்பாக மாணவியர், படிப்பை நிறுத்திவிடாமல் தொடர்வதற்கு இது துணைபுரிகிறது. ஆனால், வண்டி கிடைத்தால் மட்டும் போதுமா? அது உருளும் தரையும் நன்றாக இருத்தல் வேண்டும்.

உருளும் உராய்வு

சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் டயர் சற்றே அமுங்கி, மீண்டும் பழைய வடிவம் பெறுகிறது. சரளையும் மணலும் எடை தாங்காமல் விலகுகின்றன. இவ்விரு செயல்களிலும் ஆற்றல் வீணாகிறது. இதனால் தோன்றும் தடையே உருளும் உராய்வு ஆகும்.

மாணவர், வண்டி, புத்தகப்பை ஆகியவற்றின் மொத்த நிறை 70 கிலோகிராம் எனக் கொள்வோம். எடை ஏறத்தாழ 700 நியூட்டன். வழவழப்பான தார்ச்சாலையில் உருளும் உராய்வுக் குணகம் 0.006 எனக் கொண்டால், தடைவிசை 4.2 நியூட்டன். தளர்ந்த சரளைச் சாலையில் அக்குணகம் 0.018 எனக் கொண்டால், தடைவிசை 12.6 நியூட்டன். ஐந்து கிலோமீட்டர் செல்ல முதற்சாலையில் 21 கிலோ ஜூல் ஆற்றலும், இரண்டாம் சாலையில் 63 கிலோ ஜூல் ஆற்றலும் இத்தடையை வெல்வதற்கே செலவாகும். அதாவது, உருளும் உராய்வை மட்டும் கருதினால், சரளையில் ஐந்து கிலோமீட்டர் என்பது தார்ச்சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்கு நிகர். வகுப்பறைக்குள் நுழையும்போதே ஒரு மாணவர் களைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சாலைகள் பலவகை

உடைத்த சிறு கற்களை அடுக்கடுக்காகப் பரப்பி இறுக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துக்காரரான மெக்காடம் பரவச் செய்தார். கப்பிச்சாலை அம்முறையின் வழிவந்தது. கற்களைத் தாரால் பிணைக்கும்போது தார்ச்சாலை உருவாகிறது. இன்று நாம் தார் என்று வழங்குவது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து பெறப்படும் நிலக்கீல் ஆகும். சிற்றூர்த் தெருக்களில் சிமெண்ட் காங்கிரீட்டும் பேவர் பிளாக் கற்களும் இடம்பெறுகின்றன. காங்கிரீட் நெடுநாள் உழைக்கும். எனினும், கால்வாயோரம் ஈரத்தில் பாசி படிந்தால் வழுக்கும். பேவர் கற்கள் சீரற்றுத் தாழ்ந்தால் வண்டி ஓயாமல் அதிரும்; அவ்வதிர்வு கையையும் முதுகையும் தாக்கும்.

தெரியுமா?
கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரை உருவாக்கி, 1888ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நீரே பகை

தார்ச்சாலையின் முதற்பகை நீர். விரிசல் வழியே புகும் நீர், கல்லுக்கும் தாருக்கும் இடையிலான பிடிப்பைத் தளர்த்துகிறது. அடியிலுள்ள மண்ணும் நனைந்து வலுவிழக்கிறது. மேலே வண்டிகள் செல்லச் செல்லக் கற்கள் பெயர்ந்து பள்ளம் தோன்றுகிறது. வயலையும் கால்வாயையும் ஒட்டிய சாலைகளில் இவ்விடர் மிகுதி. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையின்போது திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாலைகள் பல அரிக்கப்பட்டதை நாம் அறிவோம்.

இதற்கு ஒரு தீர்வு மதுரையில் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன், துண்டாக்கிய நெகிழிக் கழிவைச் சூடான கற்களின்மீது பூச்சாகப் படியச் செய்து, பின்னர்த் தாருடன் கலக்கும் முறையை உருவாக்கினார். நெகிழிப்பூச்சு கல்லுக்குள் நீர் புகுவதைக் குறைக்கிறது. தாரின் பிடிப்பையும் கூட்டுகிறது. 2002ஆம் ஆண்டு அக்கல்லூரி வளாகத்தில் இவ்வகைச் சாலை அமைக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஓரமே மிதிவண்டியின் பாதை

பேருந்துக்குச் சாலையின் நடுப்பகுதி உரியது. மிதிவண்டிக்கு எஞ்சுவது ஓரம். மழைநீர் தேங்குவதும், மணல் சேர்வதும், தார் முதலில் உடைவதும் அவ்வோரத்தில்தான். பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மீதே புதிய தளம் இடும்போது சாலை உயர்ந்து, ஓரத்து மண் படிபோலத் தாழ்ந்துவிடுகிறது. பேருந்துக்கு வழிவிட இறங்குபவர் அப்படியில் சறுக்கி விழ நேரிடும். ஆகவே, தளம் இடும்போதே ஓரத்து மண்ணையும் அதே உயரத்திற்கு நிரப்பி இறுக்குவது இன்றியமையாதது.

நடுப்பகுதி வழவழப்பாக இருப்பதைக் கொண்டே ஒரு சாலையை நல்ல சாலை என்று கூறிவிட முடியாது. அதன் ஓரத்தில் புத்தகப்பையுடன் செல்லும் மாணவி அச்சமின்றிப் பள்ளியை அடைகிறாளா என்பதே அச்சாலையின் தரத்தை அளக்கும் உண்மையான அளவுகோலாகும்.