சிம் போடுற லேப்டாப்பா? 15 இலக்க எண்ணை இப்பவே குறிச்சு வையுங்க

அம்பகரத்தூரில் இருந்து காரைக்காலுக்கு பஸ்ஸில் போகும்போது லேப்டாப் பை தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போலீஸில் புகார் எழுதும்போது, "கறுப்பு கலர் லேப்டாப்" என்று மட்டும் சொன்னால் அது உங்களுடையதுதான் என்று எப்படி நிரூபிப்பீங்க? அதற்குத்தான் ஐஎம்இஐ எண்.

செல்போனில் *#06# அழுத்தினாலே இந்த 15 இலக்க எண் வந்துவிடும். லேப்டாப்பில் வழி வேறு.

எங்கே பார்ப்பது?

• விண்டோஸ் 11: செட்டிங்ஸ் – நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் – செல்லுலார் – மொபைல் ஆபரேட்டர் செட்டிங்ஸ். அங்கே 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் இருக்கும்.
• லேப்டாப் ஆன் ஆகவில்லையா? அடிப்பக்க லேபிளையும் வாங்கிய அட்டைப்பெட்டியையும் பாருங்க.

'செல்லுலார்' என்ற பகுதியே இல்லையென்றால் பயப்படாதீங்க. சிம் வசதி இல்லாத லேப்டாப்புக்கு ஐஎம்இஐ கிடையாது. அதற்கு சீரியல் எண்தான் அடையாளம்.

தொலைந்தால் என்ன செய்வது?

புகாரில் ஐஎம்இஐ, சீரியல் எண் இரண்டையும் எழுதி, பில் நகலை இணையுங்க. செல்போன் என்றால், புகார் நகலுடன் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்கவும் கோரலாம்.

ஒன்றை மறக்காதீங்க: ஐஎம்இஐ முடக்கம் மொபைல் நெட்வொர்க்கை மட்டுமே தடுக்கும், வைஃபை வேலை செய்யும். அதனால் பாஸ்வேர்டு கட்டாயம்.

எண்ணை அந்த லேப்டாப்பிலேயே சேமித்தால் பயனில்லை. வீட்டு டைரியில் எழுதி வையுங்க.