கோடைக்கானலைச் சுற்றிக் கால்நடையாக

கோடை விடுமுறை என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "கோடைக்கானலுக்குப் போகலாமா?" என்பதுதான். ஏரி, படகு, குதிரைச் சவாரி, தூண் பாறை, சாக்லெட் கடை! யாவும் இன்பமே. ஆனால் மே மாதத்தில் சென்று வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏரியைப் பார்த்த நேரத்தைவிட, முன்னால் நின்ற வண்டியின் முதுகைப் பார்த்த நேரமே மிகுதி என்பார்கள். நெரிசல் எல்லை மீறியதால், சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடப்புக்கு வந்தது. 2025 கோடையில், நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் கட்டினார்கள்.

அதே மலையில், அந்த இரைச்சலுக்குச் சற்றுத் தொலைவிலேயே, அமைதியான சிற்றூர்கள் பல இருக்கின்றன. சென்ற விடுமுறையில் மாணவியர் பன்னிருவரும், சகோதரியர் இருவரும், ஆசிரியை ஒருவருமாக மூன்று நாட்கள் அவ்வூர்களில் நடந்து திரிந்தோம். நாங்கள் கண்டதையும் கற்றதையும், இனிச் செல்லவிருப்போருக்கு உதவும் என்று இங்கே எழுதுகிறோம்.

நடந்தே ஏறிய மலை

பழனி மலைமேல் நடப்பது புதுமையன்று. வண்டியில் ஏறுவதுதான் புதுமை! 1821-ஆம் ஆண்டு வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி நிலம் அளப்பதற்காக இம்மலைக்கு வந்தார். அவர் தங்கியிருந்த இடம் வெள்ளகவி என்னும் மலைக்கிராமம். அங்கிருந்து நடந்து ஏறித்தான் இன்றைய கோடைக்கானல் இருக்கும் இடத்தை அவர் கண்டார். 1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். 1863-இல் ஓடையை மறித்து ஏரி உண்டாக்கப்பட்டது. ஆக, புகழ் பெற்ற நகரத்துக்கு மூத்தவை இச்சிற்றூர்கள். அக்காலத்தில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாக மேலே வந்தார்கள். இயன்றவர் நடந்தனர், சிலர் குதிரையில் வந்தனர், சிலரை டோலியில் சுமந்து வந்தனர்.

முதல் நாள்: செண்பகனூர்

கோடைக்கானலிலிருந்து இறங்கும் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது செண்பகனூர். தொடக்கத்தில் நீண்ட நடை வேண்டாம் என்று சகோதரி சொன்னதால் இதைத் தேர்ந்தோம். இயேசு சபைத் துறவியர் 1895-இல் இங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். மலையின் செடிகொடிகளையும் விலங்கு, பறவைகளையும் சேர்த்து வைத்த அருங்காட்சியகம் இவ்வூரின் பெருமை. அத்துறவியருள் ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இருவர், இம்மலையின் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் தொல்லியல் துறை வெளியிட்டது. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய பழங்கால ஈமச் சின்னங்களே கல்திட்டைகள். தாண்டிக்குடிப் பக்கம் செல்வோர் அவற்றை இன்றும் காணலாம்.

இரண்டாம் நாள்: பூம்பாறை

பூம்பாறை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் பேருந்தில் சென்று, ஊரைச் சுற்றிலும் நடந்தோம். மலைச் சரிவு முழுதும் படிக்கட்டுப் போல் வெட்டிய வயல்கள். படி இல்லாவிட்டால் மழைநீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். படி இருந்தால் நீர் நின்று, ஊறி, மெல்ல இறங்கும். பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு யாவும் இப்படி விளைகின்றன. இங்கு விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் நடுவே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது.

கடையில் ஒரு கிலோ பூண்டு வாங்கியபோது விலை மிகுதி என்று முணுமுணுத்தோம். அன்று மாலை அந்தப் படிகளில் வெறுங்கையோடு நான்கு முறை ஏறி இறங்கினோம். பிறகு யாரும் விலையைப் பற்றிப் பேசவில்லை.

மூன்றாம் நாள்: வெள்ளகவி

வனத்துறையின் அனுமதியோடும் ஊர்க்காரர் ஒருவரின் துணையோடும் வட்டக்கானலிலிருந்து விடியற்காலையில் இறங்கினோம். இறங்குவது எளிது என்று எண்ணியது பிழை. முழங்கால்கள் மறுநாள் அதைச் சொல்லிக் கொடுத்தன!

வெள்ளகவியில் காலணி அணிந்து நடப்பதில்லை. ஊரே கோயில் போன்றது என்பது அவர்கள் எண்ணம். நாங்களும் செருப்பையும் பூட்சையும் கையில் எடுத்துக்கொண்டோம். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி ஒருவர் தண்ணீர் தந்தார். "எவ்வளவு அமைதியான ஊர் பாட்டி! இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்றோம்.

பாட்டி சிரித்தார். "இருங்க தாயி, யாரு வேணாங்கிறா? எங்க காலத்துல பிரசவ வலி வந்துட்டா டோலி கட்டித்தான் தூக்கிட்டு இறங்குவாங்க. கீழ போய்ச் சேர்றதுக்குள்ள உசிரு போன பிள்ளைகளும் உண்டு. அமைதி நல்லதுதான். ரோடும் நல்லதுதான்" என்றார்.

எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வண்டிச் சத்தம் இல்லாததை நாம் அழகு என்கிறோம். அதற்கு அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த விலையை நாம் கேட்பதில்லை. மலையில் நாங்கள் கற்ற பெரிய பாடம் இதுவே. அங்கிருந்து கும்பக்கரை அருவி வரை, பாதை முழுதும் பேச்சுக் குறைந்தே நடந்தோம்.

செல்வோர் கவனத்திற்கு

காட்டுவழியில் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் செல்லலாகாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்கலாகாது. ஊருக்கு ஊர் செல்லும் சாலையோரமே சிறு பிள்ளைகளுக்குப் போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மிகுதி. பாதை வழுக்கும், அட்டையும் கடிக்கும். தண்ணீரை எவர்சில்வர் குப்பியில் எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் பையையும் மிட்டாய்த் தாளையும் திரும்பக் கொண்டு வாருங்கள். விரைவில் நடப்பவர் முன்னால் ஓடாமல், மெல்ல நடப்பவரை முன்னே விடுங்கள். அப்போது யாரும் பின்தங்க மாட்டார்கள். டீயையும் சிற்றுண்டியையும் அந்தந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்; நாம் செலவிடும் காசு அவ்வூரிலேயே தங்கும். வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், கேளாமல் படம் எடுப்பதும் கூடாது. அது காட்சிச்சாலையன்று, பிறர் குடியிருக்கும் இடம்.

தோழியரே! அடுத்த விடுமுறையில் ஏரியைச் சுற்றிவிட்டு, ஒரு நாளையாவது ஒரு சிற்றூருக்கு ஒதுக்குங்கள். வண்டியில் சென்றால் ஊரைப் பார்க்கலாம். நடந்து சென்றால் ஊராரையும் பார்க்கலாம். வாசலில் ஒரு பாட்டி அமர்ந்திருந்தால், ஊர் அழகைச் சொல்லும் முன் அவர் நலத்தைக் கேளுங்கள். நாங்கள் கேட்க மறந்தது அதைத்தான்.