வைட்டமின் சி கடத்திப் புரதங்கள்

வைட்டமின் சி கடத்திப் புரதங்கள் என்பவை பாலூட்டிகளின் செல்களுக்குள் வைட்டமின் சி நுழைய வழிசெய்யும் சவ்வுப் புரதங்கள் ஆகும். உணவில் இச்சத்து போதுமான அளவு இருந்தாலும், இப்புரதங்கள் செயல்படாவிட்டால் செல்களுக்கு அது கிடைக்காது.

கடத்தியின் தேவை

வைட்டமின் சி-யின் வேதிப்பெயர் அஸ்கார்பிக் அமிலம். இரத்தத்தில் இது பெரும்பாலும் எதிர்மின்சுமை கொண்ட அஸ்கார்பேட் அயனியாக உள்ளது. செல் சவ்வின் உட்பகுதி கொழுப்பால் ஆனதால், மின்சுமையுள்ள அயனி அதைத் தானாகக் கடக்க இயலாது. மேலும், நலமுள்ள மனிதரின் இரத்தப் பிளாஸ்மாவில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 50 முதல் 80 மைக்ரோமோல் வைட்டமின் சி உள்ளது; மூளையின் நரம்பு செல்களில் இதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் காணப்படுகிறது. குறைந்த செறிவிலிருந்து மிகுந்த செறிவுக்கு ஏற்றிச்செல்ல ஆற்றல் தேவை.

சோடியம் சார்ந்த கடத்திகள்

இப்பணியைச் செய்பவை எஸ்.வி.சி.டி.1, எஸ்.வி.சி.டி.2 என்னும் இரு புரதங்கள். எலியில் இவை கண்டறியப்பட்ட செய்தி 1999-இல் வெளியானது. செல்லுக்கு வெளியே சோடியம் அயனிகள் மிகுதியாக இருப்பதால் அவை உள்ளே வர முனைகின்றன. இரண்டு சோடியம் அயனிகள் நுழையும்போது, அவற்றுடன் ஓர் அஸ்கார்பேட் அயனியும் உள்ளே வருகிறது. நுழைந்த சோடியத்தை, ஏ.டி.பி. ஆற்றலைச் செலவிட்டு மற்றொரு புரதம் வெளியேற்றுகிறது. எனவே இது மறைமுகமாக ஆற்றல் செலவாகும் கடத்தல் ஆகும்.

எஸ்.வி.சி.டி.1 குடலில் வைட்டமின் சி-யை உறிஞ்சுகிறது. சிறுநீரகத்தில் அது வீணாகாமல் மீட்கிறது. எஸ்.வி.சி.டி.2 மூளை, கண், அட்ரீனல் சுரப்பி முதலியவற்றின் செல்களுக்கு அதைச் சேர்க்கிறது.

குளுக்கோஸ் வழி

அஸ்கார்பிக் அமிலம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் மின்சுமையற்ற டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறுகிறது. இதன் வடிவம் குளுக்கோஸை ஒத்திருப்பதால், குளூட்1, குளூட்3 போன்ற குளுக்கோஸ் கடத்திகள் வழியே நுழைகிறது. உள்ளே சென்றதும் குளுட்டாதையோன் போன்றவற்றின் உதவியால் மீண்டும் அஸ்கார்பேட்டாக மாற்றப்படுகிறது. மனிதரின் சிவப்பணுக்கள் இவ்வழியையே பயன்படுத்துகின்றன.

உறிஞ்சுதலின் வரம்பு

கடத்திகளின் வேலைத்திறனுக்கு எல்லை உண்டு. நாளொன்றுக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரை உட்கொண்டால் 70 முதல் 90 விழுக்காடு உறிஞ்சப்படுகிறது. 1 கிராமுக்கு மேல் உட்கொண்டால் பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ஆகவே மாத்திரையின் அளவைக் கூட்டுவதால் உடலில் சேரும் அளவு அதே விகிதத்தில் கூடுவதில்லை.

முக்கியத்துவம்

மனிதரைப் போலன்றி, சுண்டெலி தன் கல்லீரலிலேயே வைட்டமின் சி-யை உருவாக்கிக்கொள்ளும். ஆயினும், எஸ்.வி.சி.டி.2 மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகள் மூளையில் இரத்தக்கசிவும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டு, பிறந்த சிறிது நேரத்தில் இறந்தன. அவற்றின் மூளையில் வைட்டமின் சி ஏறக்குறைய இல்லை. உடலில் ஒரு சத்து உருவாவது மட்டும் போதாது, அது உரிய செல்லைச் சென்றடையவும் வேண்டும் என்பதை இச்சோதனை காட்டுகிறது.