மலைச்சரிவும் மழைஜலமும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை அடுத்துள்ள ரமணாசிரமத்தின் பின்புறமிருந்து கந்தாசிரமத்திற்கு ஏறிச் செல்லும் கல் பாவிய பாதையில் நடப்போர், வழியின் இருமருங்கிலும் உருண்டை வடிவமான பாறைகள் சரிவில் பதிந்து கிடப்பதைக் காண்பர். சில, ஆட்டுக்குட்டி அளவின; சில, பாரவண்டியினும் பெரியன. பாட்டன் காலத்தில் இருந்த இடத்திலேயே அவை பேரன் காலத்திலும் இருந்து வருவதால், இனி எக்காலத்திலும் அவை அசையா என்று ஜனங்கள் எண்ணுவது இயல்பே. இவ்வெண்ணம் எவ்வளவு தவறானதென்பதை 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆந் தேதி மாலை அதே மலையின் நகரை நோக்கிய சரிவு காட்டிவிட்டது.

ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட புயல் நவம்பர் 30-ஆந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்த பின்னும் அது விரைந்து அகலாமல், விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களின் மீது இடைவிடாது மழையைப் பொழிந்தது. மறுநாள் மாலை மலையடிவாரத்திலுள்ள வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஒரே வீட்டினுள் இருந்த ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். சில தினங்களுக்குள் சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த மண் பொறியியல் நிபுணர்கள் அவ்விடத்தைப் பார்வையிட்டனர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரும் மலையேறிச் சோதித்தனர். அவ்வருஷம் டிசம்பர் 13-ஆந் தேதி நடந்த கார்த்திகை மகாதீபத்தன்று, தீபப் பணிக்குரியவர்கள் மாத்திரம் மலைமேல் சென்றனர். பொதுமக்கள் ஏறுவதற்கு அனுமதி தரப்படவில்லை. மலையேறித் தீபந் தரிசிப்பதை வருஷந்தோறும் கடமையாகக் கொண்ட பலருக்கு இது மனவருத்தத்தை அளித்திருக்கும். ஆயினும் அத்தடை காரணமின்றி விதிக்கப்பட்டதன்று. அக்காரணத்தைக் கிராமவாசிகள் தெரிந்துகொள்வது, இம்மலைக்கு மட்டுமன்றி, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, ஏற்காடு, நீலகிரி முதலான எல்லா மலைச்சாரல்களிலும் வீடு கட்டுவோர்க்கும் பயன்படும்.

முதலில் பாறை உருண்டையானது எவ்வாறு என்று பார்க்கவேண்டும். ஆற்றிலுள்ள கூழாங்கல் உருண்டு தேய்ந்து உருண்டையாகிறது. மலைமேலுள்ள பாறை அவ்வாறு எங்கும் உருண்டதில்லை. நின்ற இடத்திலேயே உருண்டையாயிற்று. கருங்கல் பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. அவை பாறையைப் பெரிய பெரிய சதுரக் கட்டிகளாகப் பிரிக்கின்றன. மழைஜலம் அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி, பல்லாயிரம் வருஷங்களில் கல்லைச் சிறிது சிறிதாக மக்கச் செய்கிறது. கட்டியின் முகத்தை ஜலம் ஒரு பக்கமிருந்துதான் தாக்கும். விளிம்பை இரு பக்கமிருந்தும், மூலையை மூன்று பக்கமிருந்தும் தாக்கும். ஆகவே மூலைகள் முதலில் மக்குகின்றன. நடுவிலுள்ள கெட்டியான பாகம் உருண்டையாக எஞ்சுகிறது. மக்கிய பாகமோ, பார்ப்பதற்குக் கல்லைப் போலவே தோன்றினும், கையால் பிசைந்தால் உதிர்ந்துவிடும். கிணறு வெட்டுவோர் இதனை நன்கு அறிவர். சுக்கான், மொரம்பு என்று இடத்துக்கு இடம் இதற்குப் பெயர் வேறுபடும். மண்மூடிய சரிவிலுள்ள உருண்டைக் கல் பெரும்பாலும் இத்தகைய மக்கிய மண்ணாகிய படுக்கையின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. படுக்கை கெட்டியாக இருக்கும் வரையில் கல்லும் நிற்கும். எனவே ஆராயவேண்டியது கல்லின் பாரத்தை அன்று. படுக்கையின் பலத்தையே ஆகும்.

மண்ணின் பலம் எதிலிருந்து வருகிறது? களத்துமேட்டில் நிலக்கடலையைக் கொட்டினால் அது ஒரு குறிப்பிட்ட சாய்வு வரையில் குவிந்து நிற்கும்; அதற்கு மேல் கொட்டினால் சரியும். ஒரு காய் மற்றொரு காயின்மேல் அழுந்தி உராய்வதே குவியலை நிறுத்தி வைக்கிறது. மண்பரல்களும் இவ்வாறே. அழுத்தம் அதிகமானால் உராய்வும் அதிகமாகும் என்பதையும், களிமண்ணில் உராய்வோடு ஒட்டுந்தன்மையும் சேர்கிறது என்பதையும் பிரெஞ்சு ராணுவ இஞ்சினீயர் கூலோம் 1776-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

இதில் ஜலம் செய்யும் வேலை விசித்திரமானது. உலர்ந்த மணலைக் குழந்தைகள் கோபுரமாகக் குவிக்க முடியாது. சற்று ஈரமான மணல் செங்குத்தாகவும் நிற்கும். அதன்மேல் ஒரு குடம் ஜலத்தைக் கொட்டினால் கோபுரம் கூழாகிவிடும். சிறிய ஈரம் பரல்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மிகுந்த ஈரம் அப்பிடியை அவிழ்த்துவிடுகிறது. கோடைக்காலத்தில் பத்தடி உயரம் செங்குத்தாக வெட்டிய மண் சுவர்போல் நிற்பதைக் கண்டு, "இது கல்லைப்போல் கெட்டி" என்று நம்பி அதனடியில் வீடு கட்டுவோர் இந்த ஈரத்தின் பிடியைத்தான் நம்புகிறார்கள்.

மண்ணின் இடைவெளிகள் முழுவதும் ஜலம் நிரம்பிவிட்டால் நேர்வதென்ன என்பதைத் தெளிவாக நிரூபித்தவர் கார்ல் டெர்ஸாகி என்ற ஆஸ்திரிய நிபுணர். அவர் இஸ்தான்புல் நகரத்துக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்தில், எளிய சாதனங்களைக் கொண்டு களிமண்ணைச் சோதித்து, 1925-இல் வியன்னாவில் மண் இயக்கவியல் நூலை வெளியிட்டார். இன்று உலகத்துச் சர்வகலாசாலைகளில் போதிக்கப்படும் மண் பொறியியலுக்கு அதுவே அஸ்திவாரம். அவர் கண்ட உண்மையைக் கிணற்றங்கரையிலேயே விளங்கிக்கொள்ளலாம். நிறைகுடம் ஜலத்துக்குள் இருக்கும்வரை கைக்குக் கனப்பதில்லை. ஜலமட்டத்துக்கு மேலே வந்ததும் கயிறு விறைக்கிறது. குடத்தின் பாரத்தில் பெரும்பகுதியை ஜலம் தாங்குகிறது. அதுபோலவே மண்ணிடைவெளியில் நிறைந்து அழுந்தும் ஜலம், மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தானே தாங்கிக்கொள்கிறது. பரலின்மேல் பரல் அழுந்துவது அந்த அளவுக்குக் குறைகிறது. அழுத்தம் குறையவே உராய்வும் குறைகிறது. மேலேயுள்ள கல்லோ, மண்ணோ இலேசாகிவிடவில்லை. நனைந்த மண் முன்னிலும் கனமாகவே இருக்கிறது. கீழ்நோக்கி இழுக்கும் பாரம் ஏறுகிறது, பிடித்து நிறுத்தும் பலம் இறங்குகிறது. இரண்டும் சமமாகும் நிமிஷத்தில் சரிவு பெயர்கிறது.

பெருமழையின் முதல் மணியில் நிகழாமல், மழை தொடர்ந்து பெய்த பின்னர், சில சமயம் மழை ஓய்ந்த பின்னருங்கூட மலை சரிவதற்குக் காரணம் இதுவே. ஜலம் மண்ணுள் இறங்கி, கெட்டிப் பாறையின்மேல் தேங்கி, மட்டம் உயர்வதற்கு அவகாசம் வேண்டும். "மழை விட்டதே" என்று அன்றிரவே வீடு திரும்புவது விவேகமன்று.

இயற்கையின் காரியத்துக்கு மனிதர் செய்யும் உதவியும் உண்டு. சமதரை வேண்டிச் சரிவின் அடியை வெட்டுவது, மூட்டை அடுக்கில் கீழ்மூட்டையை உருவுவது போன்றதாகும். வெட்டிய மண்ணை முன்புறத்தில் இறுக்காமல் கொட்டி அதன்மேல் பாதி வீட்டை நிறுத்துவது மற்றொன்று. ஓடைகளைத் தூர்த்து வழியமைப்பது, குழாய்க் கசிவையும் கழிவுநீர்க் குழியையும் சரிவிலேயே விட்டுவைப்பது ஆகியவற்றால், மழையில்லாத மாதங்களிலும் மண் நனைந்தபடியே இருக்கிறது.

இத்தகைய சரிவை நிபுணர்கள் எவ்வாறு சோதிப்பார்கள்? துளையிட்டு ஆழந்தோறும் மண் எடுப்பர். 63½ கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்குவதற்கு எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணி மண்ணின் கெட்டித்தன்மையை அளப்பர். எடுத்த மண்ணை இரண்டு பாகமான பெட்டியில் அடைத்து, மேற்பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளி, எந்த விசையில் அது வெட்டுண்டு நழுவுகிறதென்று பார்ப்பர். தரையில் மின்சாரத்தைச் செலுத்தி, அது எளிதில் பாயுமிடத்தில் ஈரம் இருப்பதை ஊகிப்பர். துளைக்குள் ஜலமட்டம் ஏறியிறங்குவதை ஒரு மழைக்காலம் முழுவதும் குறித்து வைப்பர். முடிவில் பிடிக்கும் பலத்தை இழுக்கும் விசையால் வகுத்து ஓர் எண்ணைக் காண்பர். அது ஒன்றுக்குக் கீழ் வந்தால் சரிவு நில்லாது. வீடுகள் உள்ள இடத்தில் ஏறக்குறைய ஒன்றரையாவது இருக்கவேண்டுமென்பது வழக்கம். உலர்காலத்தில் ஒன்றரையாக உள்ள அதே சரிவு, நனைந்த பின்பு ஒன்றைத் தொடக்கூடும். கோடையில் மட்டும் செய்த சோதனை பாதிச் சோதனையே.

பரிகாரங்களில் மிகவும் மலிவானதும் முதலாவதாகச் செய்யத்தக்கதும் வடிகாலே. வீடுகளுக்கு மேலே சரிவின் குறுக்காகக் கால்வாய் எடுத்து, மேட்டுநீர் மண்ணில் இறங்குமுன் அதனைப் பிடித்துப் பக்கத்து ஓடையில் விடவேண்டும். அக்கால்வாய் விரிசலின்றிக் கட்டப்பட்டதாயிருத்தல் அவசியம். உடைந்த கால்வாய் ஜலத்தைச் சரிவின் வயிற்றுக்குள்ளேயே ஊற்றும் என்பதால், அது இல்லாமையினும் கெடுதல். உள்ளே தேங்கியதைத் துளைகளுள்ள குழாய்களைச் சற்றுச் சாய்வாகச் செருகி வடிக்கலாம். தடுப்புச் சுவர் எழுப்புவோர் அதன் பின்னால் ஜல்லி நிரப்பி, நீர் கசியும் துளைகளை விடவேண்டும். துளைகள் இல்லாத சுவரையோ, பூச்சுக்காரர் அழகுக்காக அடைத்துவிட்ட துளைகளையோ பல ஊர்களில் காணலாம். அப்படிப்பட்ட சுவர் மண்ணோடு ஜலத்தையும் சேர்த்துத் தாங்கவேண்டியதாகி, ஒரு நாள் வயிறு தள்ளி விழுகிறது. இரும்புக் கம்பிகளை ஆழத் துளைத்துச் சாந்தால் இறுக்குதல், பாறைகளுக்கு வலை போர்த்துதல் முதலியன செலவு மிகுந்தவை, சர்க்கார்தான் செய்யமுடியும்.

மரங்களைப் பற்றி ஒரு சொல். ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்த அண்ணாமலையில் 1980-களின் இறுதி தொட்டு அன்பர்கள் பலர் மரம் நட்டுக் காட்டுத்தீயை அணைத்து வந்திருப்பது மிகவும் சிறந்த காரியம். வேர்கள் மேல்மண்ணைப் பிணைக்கின்றன. இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கின்றன. ஆனால் வேரின் பிடி சில அடி ஆழத்தோடு நின்றுவிடும். பெரும் பாறையின் படுக்கையை மரம் காக்குமென்று நம்பி அதனடியில் குடியேறுவது தகாது.

இவ்விஷயத்தில் ஹாங்காங் நகரத்தின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கே 1972 ஜூன் 18-ஆந் தேதி ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் மாண்டனர். மீண்டும் 1976-இல் ஒரு சரிவு நேரவே, 1977-இல் இதற்கென்றே ஓர் இலாகா ஏற்படுத்தப்பட்டது. மனிதர் வெட்டியும் நிரப்பியும் உண்டாக்கிய ஏறக்குறைய 60,000 சரிவுகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றின் வடிகாலையும் யார் பராமரிப்பதென்று எழுதி வைத்தார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. நமது நாட்டிலும் கேரளத்து மூணாறில் அமிர்தா சர்வகலாசாலையார் 2009-இல் மண்ணுக்குள் அளவைக் கருவிகளைப் புதைத்து, ஜல அழுத்தத்தையும் தரையின் நகர்ச்சியையும் கம்பியில்லாத் தந்தி முறையில் அறியும் ஏற்பாட்டைச் செய்தனர். அதே 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் நாற்பதுக்கு மேற்பட்டோர் சரிவுகளில் இறந்ததை நினைத்தால், இத்தகைய கருவிகள் எத்தனை இடங்களில் வேண்டியிருக்கின்றன என்பது விளங்கும். ஒவ்வொரு சாரலிலும் அவற்றை வைப்பது எளிதன்று.

கருவி இல்லாத ஊரில் கண்தான் கருவி. சாய்ந்து வரும் மின்கம்பம், வேலிக்கல். காரணமின்றி இறுகிக்கொள்ளும் கதவு. சரிவின் மேற்புறத்தில் பிறைபோல் தோன்றும் வெடிப்பு. புதிதாகக் கிளம்பிய ஊற்று. தெளிவாயிருந்த ஊற்று கலங்குதல் அல்லது திடீரென நின்றுபோதல் ஆகியவை அபாயக்குறிகள். இவற்றுள் ஊற்றின் மாறுதலை மிகவும் பெரிதாகக் கொள்ளவேண்டும். உள்ளே ஜலத்தின் வழி அடைபட்டதையோ மாறியதையோ அது தெரிவிக்கிறது. வெடிப்பின் இருபுறத்திலும் முளையடித்து, இடைதூரத்தை அளந்து தேதியுடன் எழுதிவைத்தால், அது விரிகிறதா என்பதில் வாக்குவாதத்துக்கு இடமிராது. பக்கங்கள் நேரான எந்தப் பாத்திரத்தையும் திறந்தவெளியில் வைத்துத் தினமும் காலையில் மழையை அளக்கலாம்; சில வருஷங்களின் கணக்கு சேர்ந்தால், எத்தனை அங்குலத்துக்கு மேல் தங்கள் ஊரில் ஓடை பொங்குகிறது, சுவர் சரிகிறது என்பது ஊராருக்கே புலப்படும்.

கூட்டுறவுச் சங்கங்கள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் வாங்கும்பொழுது பட்டாவையும் ஜாமீனையும் மட்டுமே பார்க்கின்றன. மலைச்சாரல் ஊர்களில் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கப்படவேண்டும்: மனைக்கு மேலே பாறையோ வெட்டிய மண்ணோ உண்டா? மேட்டுநீர் எவ்வழியே இறங்குகிறது? அவ்வழியை யார் தூர் எடுக்கிறார்கள்? மூன்றாவதற்கு விடை இல்லாத இடங்களில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி மாதத்திலேயே அங்கத்தினர்கள் ஒரு நாள் உழைப்பைக் கொடுத்துக் கால்வாயைத் துப்புரவு செய்துவிடலாம். அடைமழையின்போது சாரல்வாசிகள் இரவில் தங்குவதற்குச் சங்கத்தின் கிடங்கையோ பள்ளிக்கூடத்தையோ முன்கூட்டியே குறித்து, அதன் சாவி யாரிடம் இருக்கிறதென்பதை எல்லோருக்கும் அறிவித்து வைக்கவேண்டும்.