சண்டையும் கொடுமையும்: திகனப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

கணவன் மனைவியை அடிக்கும்பொழுது அதனைக் குறிப்பதற்கு நம்மவர் வழங்கும் சொல் ‘சண்டை’ என்பதாகும். ‘அவர்கள் வீட்டில் நேற்றிரவு சண்டை’ என்பர் அயலவர். பொலிஸ் நிலையத்திலும் ‘குடும்பத் தகராறு’ என்றே அது பெரும்பாலும் பேசப்படுகின்றது. சண்டை என்ற சொல் இரு தரப்பினரை வேண்டி நிற்பது. இருவரும் ஓரளவு சமபலம் உடையோர், இருவர்மீதும் தவறுண்டு, நடுநின்று ஒருவர் விலக்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணங்கள் யாவும் அச்சொல்லினுள் அடங்கிக் கிடக்கின்றன. ஒருவர் அடிக்க மற்றவர் அடிபடும் நிலையைக் குறிக்கத் தமிழிலே சொல் இல்லாமலில்லை; ‘கொடுமை’ என்பது அதற்குரிய சொல்லே. ஆயினும் அதனை மாமியாருக்கும் சிற்றன்னைக்கும் உரிமையாக்கிவிட்டுக் கணவனுக்குச் சண்டையை ஒதுக்கிவைத்துள்ளோம். பெயரிடுவதில் நேர்ந்த இத்தவறு பரிகாரத்தையும் தவறாக்கிவிடுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் அமைந்த திகனவை இதற்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. 1980களில் பழைய தெல்தெனிய நகரும் அதனைச் சூழ்ந்த நிலங்களும் விக்டோரியா நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தபொழுது இடம்பெயர்ந்தோர் பலர் வந்து சேர்ந்த ஊர் இது. கண்டிச் சிங்களவர், முஸ்லிம்கள், இராஜவெல்லை முதலிய இடங்களில் தோட்டத் தொழிலாளர் வழிவந்த தமிழர் ஆகிய முத்திறத்தாரும் இப்பிரதேசத்தில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 2018 மார்ச்சில் இங்கு முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டதனால் திகனவின் பெயர் உலகறிந்ததாயிற்று. வீதியில் நிகழ்ந்த அவ்வன்முறை பற்றி அறிக்கைகள் எழுதப்பட்டன, வழக்குகள் தொடரப்பட்டன. கதவுக்குப் பின்னால் நிகழ்வதோ மூன்று சமூகத்தாருக்கும் பொதுவானது. அதனைப் பற்றி மட்டும் மூன்று சமூகத்தாரும் ஒற்றுமையாக மௌனம் காக்கின்றனர்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் பெண்களின் நல்வாழ்வு குறித்து நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. கணவனையோ துணைவனையோ உடையவராயிருந்த பெண்களுள் 20.4 சதவீதத்தினர், அதாவது ஐவருள் ஒருவர், தம் வாழ்நாளில் அவனது உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியுள்ளமை அதனால் தெரியவந்தது. துணைவனின் பாலியல் வன்முறைக்கு ஆளானோருள் 49.3 சதவீதத்தினர் எந்த நிறுவனத்திடமும் உதவி நாடவில்லை. வெட்கம், தம்மையே பழிப்பர் என்ற அச்சம், தம்மை நம்பமாட்டார் என்ற ஐயம், இஃது எங்கும் உள்ளதுதானே என்ற எண்ணம் ஆகியனவே அவர்கள் கூறிய காரணங்களாம். இவற்றுள் இறுதியானது ஊன்றி நோக்கத்தக்கது. ஏனைய மூன்றும் பிறரைப் பற்றிய அச்சங்கள். இதுவோ அடிபடுபவளே அடிக்குப் பெயரிட மறுக்கும் நிலையாகும்.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்பது நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த பழமொழி. ஆறுதலாகக் கூறப்படும் இதனை ஒரு விவரணையாகக் கொண்டு வாசிப்பின் வேறொரு பொருள் புலப்படும். அமெரிக்க உளவியலாளர் லெனோர் வோக்கர் 1979இல் வெளியிட்ட நூலில், இத்தகைய வன்முறை ஒரு சுழற்சியாக நிகழ்வதை எடுத்துக்காட்டினார். முதலிற் பதற்றம் வளரும். பின் அடி விழும். அதன்பின் மன்னிப்பும் பரிவும் பரிசுப் பொருட்களும் வரும். மீண்டும் பதற்றம் தொடங்கும். அணைப்பு அடிக்கு மாற்று என்பது நம் பழமொழியின் துணிபு. வோக்கரின் கருத்துப்படி அணைப்பு அடுத்த அடிக்கு முந்திய கட்டம். ‘அவர் நல்லவர்தான், கோபம் வந்தால் மட்டும்’ என்று மனைவி கூறுவது பொய்யன்று; அவள் அச்சுழற்சியின் ஒரு கட்டத்தில் நின்று பேசுகின்றாள். எல்லாக் குடும்பங்களிலும் இச்சுழற்சி இவ்வொழுங்கிலேயே நிகழும் என்பதற்கில்லை என்று பின்வந்தோர் காட்டியுள்ளனர் என்பதும் ஈண்டுக் கூறப்படவேண்டும்.

இதனினும் ஆழமான விளக்கத்தை எவான் ஸ்டார்க் 2007இல் முன்வைத்தார். அடியை எண்ணிக்கொண்டிருப்பதால் நோயின் தன்மை விளங்காது என்பது அவரது வாதம். யாருடன் பேசலாம், எங்கே போகலாம், கையில் எவ்வளவு பணம் வைத்திருக்கலாம், எப்பொழுது தாய் வீட்டுக்குச் சென்று வரலாம் என்பனவற்றை ஒருவர் தீர்மானிக்க மற்றவர் அனுமதி கேட்டு வாழும் முறைமையே அடிப்படை. அதனை நிலைநிறுத்தும் கருவிகளுள் அடி ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை அடி விழும் வீட்டிலும் ஆண்டு முழுவதும் அச்சம் ஆட்சி செய்யலாம். இக்கருத்தின் வழியே இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் நெருங்கிய உறவில் இடையறாது கட்டுப்படுத்தும் நடத்தையைத் தனிக் குற்றமாக்கின.

மது பற்றி ஒரு வார்த்தை. மலையகத்தில் இவ்விடயம் எழுந்தவுடன் ‘எல்லாம் சாராயத்தால் வந்த வினை’ என்ற முடிவுரை வந்துவிடும். குடி அடியின் தொகையையும் காயத்தின் ஆழத்தையும் கூட்டுகின்றது என்பதில் ஐயமில்லை. ஆனால், குடித்தவன் கங்காணியை அடிப்பதில்லை, துரையை அடிப்பதில்லை, பஸ் நடத்துநரையும் பெரும்பாலும் அடிப்பதில்லை. வீடு வந்து சேரும்வரை காத்திருக்கும் கோபத்தை அறிவிழந்த கோபம் என்று கொள்வது எங்ஙனம்? குடியாதோர் வீடுகளிலும், படித்தோர் வீடுகளிலும், ஏன், பல்கலைக்கழக விடுதிகளுக்கு வெளியே வளரும் காதல்களிலும் இக்கட்டுப்பாடு நிகழ்வதை நாம் அறியாதவர் அல்லர்.

தோட்டப்புறப் பெண்ணின் நிலையில் இதற்குத் தனியான பொருளியல் அடிப்படையொன்று உண்டு. ரேச்சல் குரியன் 1982இல் வெளியிட்ட பெருந்தோட்டப் பெண் தொழிலாளர் பற்றிய ஆய்வு, மனைவியின் சம்பளத்தைக் கணவன் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தைச் சுட்டிக்காட்டியது. குரியனும் குமாரி ஜயவர்தனவும் இணைந்து 2015இல் வெளியிட்ட நூலும், தோட்ட நிருவாகத்தின் அதிகார அடுக்கு லயத்தினுள் ஆணாதிக்கமாகத் தொடர்வதை விரித்துரைக்கின்றது. உழைப்பவள் அவள், பணம் அவள் கையில் இல்லை. குடியிருக்கும் காம்பராவும் அவளுடையதன்று, அவனுடையதுமன்று, தோட்டத்துக்குரியது. அடுத்த காம்பராவில் இருப்போர் அவனது உறவினர். பிறந்த வீடு என்று அவள் திரும்பக்கூடியது மற்றொரு லயத்தின் மற்றொரு காம்பரா. அங்கே ஏற்கெனவே அண்ணனின் குடும்பம் நெருக்குண்டு கிடக்கும். ‘ஏன் அவள் விட்டுப் போகவில்லை?’ என்று நகரத்திலிருந்து கேட்போர் போகுமிடம் எது என்பதை முதலிற் கூறவேண்டும்.

போவதற்கான சட்டவழியும் எளிதன்று. இங்கேதான் திகன நமக்கு ஒரு விசித்திரத்தைக் காட்டுகின்றது. ஒரே வீதியில் வாழும் மூன்று பெண்களுக்கு மூன்று விவாகரத்துச் சட்டங்கள். 1952ஆம் ஆண்டின் கண்டியர் விவாகச் சட்டத்தின்கீழ் மணந்த சிங்களப் பெண், இருவரும் சம்மதித்தால், அல்லது ஓராண்டு பிரிந்து வாழ்ந்து இனிச் சேர்ந்து மகிழ்வுடன் வாழ இயலாது என்று காட்டினால், மாவட்டப் பதிவாளரிடமே விவாகரத்துப் பெறலாம். முஸ்லிம் பெண் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி காதி நீதிமன்றத்தை நாடி, கணவனின் கொடுமையைக் காட்டி பஸஹ் கோரலாம். தமிழ்ப் பெண்ணுக்குரியது பொதுச் சட்டம். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றே: பிறர்மனை நயத்தல், தீயநோக்குடன் கைவிடுதல், மணவேளையில் இருந்த தீராத ஆண்மையின்மை. கொடுமை அப்பட்டியலில் இல்லை. அடி பொறுக்காது வெளியேறியவள், தன்னை வெளியேறச் செய்தமையால் அவனே கைவிட்டவனாகக் கருதப்படவேண்டும் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வாதிட்டு நிறுவவேண்டும். வீட்டை விட்டு ஓடியவள், தன்னை விட்டு ஓடியவன் அவனே என மெய்ப்பிக்கும் இந்த நியாயவியல் சட்ட மாணவருக்குச் சுவை பயக்கலாம்.

இம்மூவர்க்கும் பொதுவாயுள்ளது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமாகும். இதன் சிறப்பினை நம்மவர் இன்னும் சரிவர உணர்ந்திலர். இச்சட்டம் திருமணம் தொடரவேண்டுமா, முறியவேண்டுமா என்ற கேள்வியை எழுப்புவதே இல்லை. அடித்தவனைச் சிறைக்கு அனுப்புமாறு தொடக்கத்திலேயே கோருவதுமில்லை. உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அதனை முதலில் உறுதிசெய்கின்றது. பாதிக்கப்பட்டவர் வாழுமிடத்துக்கோ, எதிராளி வாழுமிடத்துக்கோ, செயல் நிகழ்ந்த இடத்துக்கோ உரிய நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். திகனவில் வாழ்பவர்க்குத் தெல்தெனியவிலேயே நீதவான் நீதிமன்றம் உண்டு. அவரது சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பம் செய்யலாம். அவசரநிலை உண்டெனக் கண்டால் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பித்து, 14 நாட்களுக்குள் விசாரணைக்குத் தவணையிடுவார். விசாரணையின் பின் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை செல்லுபடியாகும். அவள் வாழும் வீட்டுக்குள் அவன் நுழையக்கூடாது என்றும், பொது வீட்டில் அவள் இருப்பதைத் தடுக்கக்கூடாது என்றும், அவளை நிர்க்கதியாக்கும் வகையில் அவ்வீட்டை விற்கக்கூடாது என்றும் கட்டளையிடலாம். ஆயுதத்தைக் கைப்பற்றுமாறு பொலிசாரையும், அவசரச் செலவுக்குப் பணம் வழங்குமாறு அவனையும் பணிக்கலாம். கட்டளையை மீறுவதே குற்றம். அதற்கு ஓராண்டுக்கு மேற்படாத சிறை, 10,000 ரூபாவுக்கு மேற்படாத தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மனைவியர்க்கு மட்டுமன்றி முன்னாள் மனைவியர், உடன்வாழும் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், சகோதரர் ஆகியோர்க்கும் இப்பாதுகாப்பு உண்டு. மகனால் அடிக்கப்படும் முதிய தாயும் இதனை நாடலாம்.

குறைகளும் உள. இலங்கைச் சட்டம் நிறைவேறிய அதே 2005இல் இந்தியாவும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றியது. உடல், பாலியல், சொல், உளம் ஆகியவற்றோடு பொருளாதாரக் கொடுமையையும் அது வெளிப்படையாக வரையறுத்தது. மனு எழுதுவது முதல் மருத்துவச் சோதனை வரை உடன்நின்று உதவப் பாதுகாப்பு அலுவலர் என்றொரு பதவியையும் ஏற்படுத்தியது. நமது சட்டத்தின் வரைவிலக்கணமோ தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள உடல் சார்ந்த குற்றங்களையும், கப்பம் கோரல், அச்சுறுத்தல் என்பனவற்றையும், கடுமையான இழிவுபடுத்தல் தொடர்ந்து நிகழும் உளத் துன்புறுத்தலையும் மட்டுமே தழுவுகின்றது. சம்பளத்தைப் பறித்தலும், வீட்டுச் செலவுக்குக் கொடாது பட்டினி போடுதலும், நோயுற்றவளை மருந்தின்றி விட்டுவிடுதலும் அதனுள் நேராக இடம்பெறவில்லை. புறக்கணிப்பு காயம் காட்டாத கொடுமை. சட்டம் இன்னும் காயத்தையே தேடுகின்றது. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் இதற்கு ஓரளவு வழிதரும். முதியோரைப் பொறுத்தவரை 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. மற்றொரு குறை இதனிலும் பாரியது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபொழுதும், நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்பட்ட மனைவியைத் தவிர, கணவன் மனைவியிடத்து இழைக்கும் வல்லுறவு குற்றமாக்கப்படவில்லை.

ஆயினும், சட்டத்தின் குறைகளிலும் பார்க்கச் சட்டத்தை அடையும் பாதையின் குறைகளே இன்று பெண்ணை அதிகம் வருத்துகின்றன என்பது எனது கருத்து. சண்டை என்ற சொல் தன் வேலையைச் செய்வது இங்கேதான். பொலிஸ் நிலையத்துக்குச் சென்றவளிடம் இருவரையும் அழைத்துப் பேசுவோம் என்பர். தோட்டமாயின் தலைவரும் கோயிற் பெரியவரும் கூடுவர். அவன் தலைகுனிந்து இனி அடிக்கமாட்டேன் என்பான். அவள் இனி வாய்காட்டமாட்டேன் என்று கூறவேண்டும். இவ்விரண்டு வாக்குறுதிகளையும் ஒரே தராசில் வைத்துச் சமாதானம் என்று எழுதிக் கையொப்பம் வாங்குவர். சமமானவர்க்கிடையே எழுந்த பிணக்குக்கு இம்முறை மிக ஏற்றது. ஒருவர் மற்றவரை அச்சத்தால் ஆளும் உறவிலோ, புகார் செய்தவளை ஊர் சாட்சியாக அவனிடமே ஒப்படைப்பதாக அது முடிகின்றது. வோக்கர் கூறிய பரிவுக் கட்டத்துக்கு இலச்சினை குத்திக் கொடுப்பது போன்றது இது. நடுநிலை வகித்தோர் நல்லெண்ணம் உடையோரே. குடும்பத்தைக் காத்துவிட்டோம் என்று மனநிறைவோடு வீடு செல்வோருமாவர்.

மொழி மற்றொரு தடை. மலைநாட்டில் தமிழ்ப் பெண்ணின் முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்க இயலாத தாளிலே அவள் கையொப்பமிட நேர்கின்றது என்பது நீண்டகாலக் குறைபாடு. ‘கழுத்தை நெரித்தான்’ என்று அவள் கூறியது, மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் ‘தள்ளினான்’ என்றாகிவிட்டால், நீதவான் காணப்போவது தள்ளியதை மட்டுமே. கழுத்து நெரிக்கப்பட்டவள் பின்னாளிற் கொல்லப்படும் அபாயம் மிகுதி என்பது பல நாடுகளின் ஆய்வுகள் கண்ட உண்மையாதலால், இந்த ஒரு வினைச்சொல்லின் மாற்றம் உயிரோடு தொடர்புடையது. 1988இல் நிறைவேறிய 16ஆம் திருத்தம் தமிழில் மனுச் செய்யவும் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமை வழங்கியுள்ளது. அவ்வுரிமையைக் கேட்டுப்பெற வேண்டியவள், அன்று காலை அடிபட்டு வந்து வாங்கில் அமர்ந்திருப்பவள்.

ஆகவே தடுப்பு முயற்சி பொலிஸ் நிலையத்துக்கு முன்னரே தொடங்கவேண்டியுள்ளது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் சிங்களத்தில் ‘மிதுரு பியச’ என்றும் தமிழில் ‘நட்பு நிலையம்’ என்றும் அழைக்கப்படும் பிரிவுகள் இயங்குகின்றன. காயத்துக்கு மருந்திட வந்தவள் யாரும் அறியாமல் அங்கே பேசலாம். கணவனிடம் வைத்தியசாலைக்குப் போகிறேன் என்று கூறுவது பொலிசுக்குப் போகிறேன் என்பதிலும் எளிது. 1938 என்ற இலக்கத்தில் மகளிர் உதவிச் சேவையும், 1929 என்ற இலக்கத்தில் சிறுவர் உதவிச் சேவையும் உள்ளன. கர்ப்ப காலத்தில் வீடு வரும் குடும்பநல உத்தியோகத்தர், கணவன் அருகில் இல்லாத வேளையில் ‘வீட்டில் யாருக்கேனும் பயப்படுகின்றீர்களா?’ என்று கேட்டால், ‘சண்டை உண்டா?’ என்ற கேள்விக்குக் கிடைக்காத விடை கிடைக்கக்கூடும். ஆண்களைப் பொறுத்தவரை, கட்டாய ஆலோசனைக்கு அனுப்பும் அதிகாரத்தை 2005ஆம் ஆண்டுச் சட்டம் நீதவானுக்கு வழங்கியுள்ளது. தமிழில் அதனை நடத்தக்கூடிய பயிற்சி பெற்றோர் மலைநாட்டில் போதுமான அளவு இருந்தாலன்றி அப்பிரிவு ஏட்டளவிலேயே நிற்கும். தமிழும் உளவியலும் சமூகவியலும் கற்று வெளியேறும் நம் மாணவர் செல்லக்கூடிய பணிக்களம் இது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியை, அச்சம்பளம் வீட்டில் யார் கைக்குச் செல்கின்றது என்பதிலும் காட்டுதல் தகும்.

பாதுகாப்புக் கட்டளை பெற்ற பெண்ணொருத்திக்குப் 12 மாதம் கிடைக்கின்றது. அந்த ஓராண்டுக்குள் அவள் தன் பெயரில் வங்கிக் கணக்கொன்று தொடங்கவேண்டும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைத் தேடியெடுக்கவேண்டும், தாபரிப்பு வழக்கிடவேண்டும், குடியிருக்க இடம் பார்க்கவேண்டும். விரும்பினால் அவனோடு சேர்ந்து வாழ்வதா என்பதையும் அச்சமின்றித் தீர்மானிக்கலாம். லயக் காம்பராவின் உரிமை எவர் பெயரில் உள்ளது என்று தோட்டக் காரியாலயத்தில் கேட்க அவள் செல்லும் நாளில், உடன் செல்வதற்கு ஒருவர் வேண்டும்.